பதின்மூன்று டிகிரி

ஊரெல்லாம் வேர்த்து ஒழுகுகிற சிங்கப்பூரில் கம்பளிச் சட்டையும் குரங்குக் குல்லாயும் போட்டுக்கொண்டு வேலை பார்க்கிற பெண்மணி ஒருத்தி உண்டு. பெயர் சந்திரமதி, வயது ஐம்பத்தேழு. காலை ஏழு மணிக்கு சுவா சூ காங் பஸ் நிலையத்தில் எல்லாரும் கையில் கிடைத்ததை வைத்து விசிறிக்கொண்டு நிற்பார்கள். இவள் மட்டும் ஸ்வெட்டரை நாலாக மடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பாள். ஏர்போர்ட்டுக்கா என்று யாராவது கேட்டால், "இல்லலா, கிராஞ்சிக்கு" என்பாள். கேட்டவர்கள் அதற்கு மேல் கேட்பதில்லை.

கிராஞ்சியில் ஒரு செடிப் பண்ணை. அதன் பின்கோடியில் ஒரு கண்ணாடி அறை. அறைக்குள் எந்நேரமும் பதின்மூன்று டிகிரி குளிர். அந்தக் குளிரில் ஒரே ஒரு கொடி. அதைப் பார்த்துக்கொள்வதுதான் சந்திரமதியின் வேலை.

மார்க்கிசா என்றும் பேஷன் ஃப்ரூட் என்றும் நாம் சொல்கிற கொடியை இங்கே எல்லாருக்கும் தெரியும். வேலியில் விட்டால் போதும், கேட்காமலே படர்ந்து காய்க்கும். கண்ணாடி அறைக் கொடி அதற்குப் பங்காளி முறைதான், ஆனால் குணம் வேறு. தென்னமெரிக்க மலைகளில் மேகம் தட்டுகிற உயரத்தில் பிறந்தது. பனி உறைந்தால் கருகிவிடும், வெயில் ஏறினால் துவண்டுவிடும். குளிர்நாட்டுக்காரர்கள் கண்ணாடி வீடு கட்டி, குளிர்காலத்தில் சூடு போட்டு அதைக் காப்பாற்றுகிறார்கள். நாம் அதே கண்ணாடி வீட்டைக் கட்டி வருஷம் முழுக்கக் குளிர் போட்டுக் காப்பாற்றுகிறோம். பதின்மூன்றில் வைத்தால் சிரிக்கும், இருபதைத் தாண்டினால் முகம் சுளிக்கும், முப்பதைத் தாண்டினால் கதை முடிந்தது. மருமகளாக வாய்த்திருந்தால் மாமியார்தான் வீட்டை விட்டு ஓடியிருப்பாள் என்று சந்திரமதி சொல்வாள்.

அவளுக்கு இந்த வேலை வாய்த்ததே குளிரால்தான். செம்பவாங்கில் பிறந்து, பதினெட்டு வயதில் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரிக்குப் போனவள், இருபத்தாறு வருஷம் அந்த ஏர்கானில் உட்கார்ந்து ஊசிமுனைச் சாமான்களைப் பொருத்தினாள். ஃபேக்டரி மூடியதும் பண்ணையில் மண் கலக்கும் வேலை. கண்ணாடி அறை கட்டியபோது, மற்றவர்கள் உள்ளே போய் அரை மணியில் பல் கிட்டி வெளியே ஓடிவந்தார்கள். சந்திரமதி மட்டும் மூன்று மணி நேரம் நின்று தொட்டி கழுவிவிட்டு, "டீ குடிக்கலாமா?" என்றாள். பண்ணை முதலாளி மிஸஸ் குவெக் அன்றே அறைச் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டார்.

அந்தச் சாவிதான் அவள் வாழ்க்கையில் அவளுக்கென்று கிடைத்த ஒரே பட்டம். கழுத்தில் மாட்டுகிற அட்டையில் 'ரூம் இன்சார்ஜ்' என்று போட்டிருந்தது. "போதும்மா, வேலையை விட்டுட்டு வீட்ல பிள்ளைய பாத்துக்கங்களேன்" என்று மகன் ரஞ்சன் வாரம் ஒரு முறை சொல்வான். பேத்தி சிவானி மேல் அவளுக்கு உயிர்தான். ஆனாலும் அந்த அட்டையைக் கழற்ற மனசு வரவில்லை.

முதல் வருஷம் கண்டபடி தண்ணீர் ஊற்றினாள், வேர் பாதி அழுகியது. இரண்டாம் வருஷம் உரத்தை அள்ளி வைத்தாள், கொடி இலையும் தண்டுமாகக் கொழுத்ததே தவிர ஒரு மொட்டில்லை. மூன்றாம் வருஷம் அதைச் சின்னத் தொட்டியில் நெருக்கி, உரத்தைக் குறைத்து, கொழுத்த தண்டையெல்லாம் வெட்டிக் கம்பியில் படரவிட்டாள். கம்பி கட்டிக் கொடுத்தது அஸ்மத்.

அஸ்மத் ராமநாதபுரம் பக்கத்து ஆள். நாற்பத்தொரு வயது, இங்கே வந்து பதினொரு வருஷம், ஊரில் இரண்டு பெண் பிள்ளைகள். மூட்டை தூக்குவது, மருந்தடிப்பது, முறை வைத்து ராக்காவல் இருப்பது எல்லாம் அவன் வேலை. செப்டம்பரில் ஒரு காலை, "அக்கா, இங்க வாங்க" என்று கூப்பிட்டுக் கொடியில் ஓர் இலையின் கக்கத்தில் நெல்மணி அளவு ஒரு மொட்டைக் காட்டியதும் அவன்தான். அதற்கப்புறம் இருவரும் சேர்ந்து தினம் எண்ணினார்கள். மாசக் கடைசியில் நாற்பத்து மூன்று. படத்தில் மட்டுமே பார்த்திருந்த அந்தச் சிவப்புப் பூ இன்னும் இரண்டு வாரத்தில் விரியும் என்றிருந்தது. ஆண்டு இறுதிக் கண்காட்சிக்கு இடம்கூடப் பிடித்துவிட்டார் மிஸஸ் குவெக்.

அந்த நேரத்தில்தான் ஆயுத பூஜை வந்தது.

ஃபேக்டரிக் காலத்திலிருந்தே சந்திரமதி ஆயுத பூஜையை விட்டதில்லை. மிஸஸ் குவெக் முதலில் ஊதுபத்திப் புகைக்கு மூக்கைச் சுளித்தார். புகை வேண்டாம் என்றால் வேண்டாம், சந்தனமும் குங்குமமும் போதும் என்று பேசி அனுமதி வாங்கியிருந்தாள். வழக்கமாகக் கத்தரிக்கோல், கொத்து, மருந்து பம்பு, பூவாளி இவற்றைக் கழுவி வாழையிலையில் வைப்பாள். இந்த வருஷம் மொட்டு வைத்த சந்தோஷத்தில் மனசு இன்னும் கொஞ்சம் கேட்டது. கொடியைக் காப்பாற்றுவது கத்தரிக்கோலா? குளிர் இயந்திரம் அல்லவா? இலையை, இயந்திரம் குளிர்காற்று ஊதுகிற வாய்க்கு நேர் கீழே போட்டாள். கொடிக்கு நடுவே ஒரு கொக்கியில் கட்டைவிரல் அளவு சென்சார் தொங்கும். அறை எவ்வளவு குளிர் என்று இயந்திரத்துக்குச் சொல்வது அதுதான். அதையும் வயரோடு இறக்கி, துடைத்து, பொட்டு வைத்து, இலையில் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை பூஜை முடியும் வரை தொடக்கூடாது என்பது முறை. மூன்று மணிக்குக் கும்பிட்டு முடித்து, சுண்டலும் பொரியும் அஸ்மத்துக்குக் கொடுத்தபோது அழுத்திச் சொன்னாள். "தம்பி, இன்னைக்கு நைட் நீதானே? இலையில இருக்கறத நாளைக்குக் காலைல நான் வர்ற வரைக்கும் யாரும் கை வைக்கக்கூடாது. சாமிக்கு வெச்சது."

"தெரியும்க்கா. எங்க ஊர்லயும் லாரி ஷெட்ல எல்லாம் வைப்பாங்களே" என்றான் அஸ்மத்.

சாயங்காலம் அவள் சிராங்கூன் சாலைக் கோயிலுக்குப் போனாள். நவராத்திரிக் கடைசி நாள், நெரிசலில் கால் வைக்க இடமில்லை. போனைச் சத்தமில்லாமல் செய்து பைக்குள் போட்டிருந்தாள். வீட்டுக்கு வந்து படுத்தவள் விடிந்து பஸ்ஸில்தான் போனை எடுத்தாள். அஸ்மத் ஏழு தடவை கூப்பிட்டிருந்தான். மிச்சச் சுண்டல் எங்கே என்று கேட்டிருப்பான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

பண்ணைக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது, திறந்து கிடந்த கண்ணாடிக் கதவு. வாசலில் ஒரு காற்றாடி உள்ளே பார்த்துச் சுழன்றுகொண்டிருந்தது. கொடிக்கு வெளிச்சம் போடுகிற விளக்குகளை யாரோ அணைத்திருந்தார்கள். தொட்டியைச் சுற்றி நனைந்த சாக்கு, ஐஸ் உருகிய பிளாஸ்டிக் பைகள். உள்ளே வெளியே போலவே புழுக்கம். கொடி கம்பியில் போட்ட ஈரத்துணி மாதிரி தொங்கியது. தரையெல்லாம் மொட்டு. கதவோரம் டிகிரி காட்டுகிற பெட்டியில் மட்டும் பச்சை எழுத்தில் 13 என்று நின்றது.

அவள் இயந்திரத்தைப் பார்த்தாள். அதன் வாய்க்கு நேர் கீழே வாழையிலை. இலையில் சந்தனப் பொட்டோடு சென்சார்.

இயந்திரத்திலிருந்து விழுகிற குளிரெல்லாம் நேராகச் சென்சார் மேலேயே விழுந்திருக்கிறது. குளிர் போதும் போதும் என்று அது சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. இயந்திரமும் கேட்டுக்கொண்டு, ஒரு மூச்சு ஊதுவதும் நிறுத்துவதுமாகச் சும்மா கிடந்திருக்கிறது. மத்தியான வெயில், சாயங்கால விளக்குச் சூடு, மூடிய கண்ணாடி. நாற்பதுகூடத் தொட்டிருக்கும். கொடியை வேக வைத்தது வேறு யாருமில்லை, அவள்தான்.

ஸ்வெட்டர் கையால் சந்தனத்தைத் துடைத்துச் சென்சாரைக் கொக்கியில் மாட்டினாள். பெட்டியில் பதின்மூன்று பதினேழாயிற்று, இருபத்திரண்டாயிற்று, இருபத்தெட்டாயிற்று. இயந்திரம் அப்போதுதான் விழித்தது போல உறுமத் தொடங்கியது. இலை, பொரி, பூ எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்துக் குப்பையில் போட்டாள். மறைக்க வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை. ஆனால் செய்துவிட்டாள்.

மிஸஸ் குவெக் பத்து மணிக்கு வந்தார். கொடியைப் பார்த்ததும் மெக்கானிக்குக்குப் போன் போட்டார். அவர் வந்து இயந்திரத்தைச் சோதித்து, ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். கதவைப் பார்த்து வைத்த கேமராவில் பார்த்தால், அஸ்மத் இரவு பத்து மணிக்குக் கதவைத் திறந்தவன் விடியும் வரை மூடவே இல்லை. காவல் நோட்டிலோ, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவன் கையெழுத்தில் பதின்மூன்று, பதின்மூன்று, பதின்மூன்று. மிஸஸ் குவெக்குக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ராத்திரிப் புழுக்கத்தில் குளிர்காற்று வாங்கிப் படுக்கக் கதவைத் திறந்து போட்டிருக்கிறான், பிறகு நோட்டில் பொய் எழுதியிருக்கிறான்.

மத்தியானம் விடுதியிலிருந்து அஸ்மத்தைக் கூப்பிட்டு விட்டார்கள். அவனுக்குத் தெரிந்த ஆங்கிலம் பத்து வார்த்தை. மிஸஸ் குவெக் சந்திரமதியைப் பார்த்து, ஏன் திறந்தான் என்று அவன் பாஷையிலேயே கேட்டுச் சொல் என்றார்.

"தம்பி, கதவ ஏன் திறந்தேன்னு மேடம் கேக்கறாங்க."

"உள்ள அடுப்பு மாதிரி சூடா இருந்துச்சுக்கா. வெளிக்காத்தாச்சும் வரட்டும்னு திறந்தேன். லைட்ட அணைச்சேன், கடையில ஐஸ் வாங்கிட்டு வந்து வெச்சேன். உங்களுக்கு ஏழு தடவ போன் பண்ணேன்." அதோடு நிறுத்திக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

சந்திரமதி ஆங்கிலத்தில் சொன்னாள். உள்ளே சூடாக இருந்ததாம், அதனால் திறந்தானாம், ஐஸ் வைத்தானாம். போன் பண்ணியதைச் சொல்லவில்லை. நாக்கு அந்த இடத்துக்கு வந்து நின்றுவிட்டது. சூடு என்றால் ஏன் பதின்மூன்று என்று எழுதினான் என்று மிஸஸ் குவெக் கேட்டார். "பாக்ஸ்ல அப்படித்தான் இருந்துச்சுக்கா" என்றான் அஸ்மத். அதைச் சொன்னதும் மிஸஸ் குவெக் சிரித்தார். கதவு ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்ததாம், பெட்டி பதின்மூன்று காட்டியதாம்.

அவன் இலையைக் கவனித்திருக்க மாட்டான் என்று சந்திரமதி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கவனித்திருந்தால் சொல்லியிருப்பானே. அவள் வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் திறந்தால் என்ன ஆகும் என்று அந்த நொடியில் வரிசையாக ஓடியது. உங்கள் பூஜையால் போச்சு என்பார்கள், இனி சந்தனம் குங்குமம் எதுவும் பண்ணைக்குள் வராது, சாவி போகும், அட்டை போகும், ரஞ்சன் "நான்தான் சொன்னேனேம்மா" என்பான். இதெல்லாம் ஒரு மனுஷனை ஊருக்கு அனுப்புவதற்குச் சமமா என்றால் இல்லவே இல்லை. அது அவளுக்கும் தெரியும். பயம் வந்தவளுக்குத் தராசு எங்கே இருக்கிறது?

அவனை ஊருக்கு அனுப்பப் போவதாக மிஸஸ் குவெக் சொன்னபோது, "ஒரு வாரம் டைம் குடுங்க மேடம், கொடிய நான் காப்பாத்திடறேன். பொழைச்சுட்டா இவன் இருக்கட்டும்" என்று கெஞ்சினாள். சரி, பார் என்றார் அவர்.

அந்த ஒரு வாரம் சந்திரமதி பட்ட பாடு நாய் படாது. காலை ஆறரைக்கே வந்துவிடுவாள், கடைசி பஸ்ஸுக்குத்தான் போவாள். கருகிய இலையை ஒவ்வொன்றாகக் கிள்ளினாள். கொடிக்குத் தெம்பு மிஞ்சட்டும் என்று ஒட்டிக்கொண்டிருந்த பன்னிரண்டு மொட்டையும் தன் கையாலேயே வெட்டினாள். வெட்டும்போது பொலபொலவென்று அழுதாள். தண்டில் நல்ல இடமாகப் பார்த்து ஆறு துண்டு நறுக்கி மணலில் நட்டு, கண்ணாடி டம்ளரால் மூடினாள். மதியம் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்காது, எழுந்து போய்த் தண்டை நகத்தால் கீறிப் பார்ப்பாள். பச்சை தெரிந்தால் ஒரு வாய் சாப்பிடுவாள். கோயிலுக்குப் போகவே கூசியது. போனால் என்னவென்று வேண்டுவது?

அஸ்மத்தை மண் கலக்கப் போட்டிருந்தார்கள். ஓய்வு நேரத்தில் ஐஸ் மூட்டையைத் தோளில் சுமந்து வந்து அறை வாசலில் இறக்குவான். "எப்படிக்கா இருக்கு?" என்பான். "பரவால்ல தம்பி, பாப்போம்" என்பாள் அவள், நிமிர்ந்து பார்க்காமல். அவன் ஒரு நிமிஷம் நிற்பான். எதற்கோ காத்திருப்பது போல நிற்பான். அவள் தொட்டியைத் திருப்பிக்கொண்டே இருப்பாள். அப்புறம் போய்விடுவான்.

எட்டாம் நாள் காலை நகத்தால் கீறியபோது தண்டில் பச்சையே இல்லை. மண்ணைத் தோண்டினாள். வேர் பழுப்பாகி, இழுத்தால் தோல் உரிந்து கையோடு வந்தது. டம்ளருக்கு அடியில் ஆறு துண்டும் கறுத்துச் சாய்ந்திருந்தன. சந்திரமதி ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். குளிர் முதுகில் ஏறியது. இனிமேல் ஒளிந்துகொள்ள ஒன்றுமில்லை.

குல்லாயைக் கூடக் கழற்றாமல் நேராக ஆபீசுக்குப் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். இலை, சென்சார், மறுநாள் வரை தொடாதே என்று தானே சொன்னது, ஏழு போன், மொழிபெயர்ப்பில் விழுங்கியது. சொல்லி முடித்து, சாவியை மேசையில் வைத்து, "அவன் மேல தப்பே இல்ல மேடம். அனுப்பறதா இருந்தா என்னை அனுப்புங்க" என்றாள்.

ஆள் அனுப்புகிற ஏஜென்டிடம் முதல் நாளே சொல்லியாகிவிட்டது என்றார் மிஸஸ் குவெக். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி டிக்கெட், செவ்வாய்க்கிழமை புது ஆள். ஒரு வாரம் கொடுத்தது அவள் கெஞ்சியதற்காக, வேறொன்றுமில்லை. எழுதியதையெல்லாம் இனி மாற்ற முடியாது. அதுவுமில்லாமல் கதவைத் திறந்தது அவன்தானே. சந்திரமதி இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மிஸஸ் குவெக் கையமர்த்திவிட்டு, வேறொரு கொடி வரவழைக்கலாம் என்று சொல்லி, சாவியை மேசையில் அவள் பக்கம் நகர்த்தினார். "ஆண்ட்டி, நெக்ஸ்ட் டைம் கேர்ஃபுல், ஓகே?"

அவ்வளவுதான் அவளுக்குத் தண்டனை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேக்கா கடைத்தெருவில் அவனைக் கண்டுபிடித்தாள். சிராங்கூன் சாலை முழுக்கத் தீபாவளி வளைவு கட்டியிருந்தார்கள், கூட்டமான கூட்டம். அஸ்மத் ஒரு கடை வாசலில் பிள்ளைகளுக்கு இரண்டு பள்ளிக்கூடப் பை வாங்கி, ஜிப்பை இழுத்து இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் சிரித்தான்.

"வாங்கக்கா. சாயந்தரம் வந்து சொல்லிட்டுப் போலாம்னு இருந்தேன்."

"தம்பி, நான் மேடம்கிட்ட சொல்லிட்டேன். எல்லாம் நான் செஞ்சதுன்னு. சென்சார நான்தான் கழட்டி இலையில வெச்சேன். உனக்குத் தெரியாது..."

"தெரியும்க்கா."

சந்திரமதி நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"பத்து மணிக்கு உள்ள போனப்பவே பாத்தேன். மெஷின் சரியா ஓடல, இலையில சென்சார் கெடக்கு. எனக்குப் புரிஞ்சுபோச்சு. அதான் உங்களுக்கு அடிச்சேன். நீங்க சரின்னா மட்டும் எடுத்து மாட்டலாம்னு."

"அடப்பாவி, எடுத்து மாட்டியிருக்கலாம்லா! நான் போன் எடுக்கலன்னா என்ன?"

"சாமிக்கு வெச்சது, யாரும் கை வைக்கக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனீங்க. நான் வேற மதக்காரன், நான் போய் எடுக்கறதா? அதத் தவிர என்னென்ன முடியுமோ எல்லாம் செஞ்சேன்க்கா."

கடைக்காரர் பைகளைச் சுற்றிக் கொடுத்தார். அஸ்மத் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான்.

"அப்ப மேடம்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே தம்பி. அன்னைக்கு மத்தியானம். ஒரே ஒரு வார்த்த."

"உங்க பூஜை மேல நான் எப்படிக்கா குத்தம் சொல்றது? அதான் போன் பண்ணேன்னு சொல்லிட்டு நிறுத்துனேன். மிச்சத்த நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்." அவன் குரலில் கோபம் இல்லை. "தினம் ஐஸ் கொண்டாந்து நின்னப்பகூட, இன்னைக்குச் சொல்லிடுவாங்க, இன்னைக்குச் சொல்லிடுவாங்கன்னு இருந்தேன்."

சந்திரமதி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நடைபாதையில் போகிறவர்கள் விலகிப் போனார்கள்.

"அழாதீங்கக்கா, எல்லாரும் பாக்கறாங்க" என்றான் அஸ்மத். பிறகு கவலையோடு கேட்டான். "மேடம் உங்கள ஒண்ணும் சொல்லலையே? வேலை இருக்குல்ல?"

"இருக்கு. அடுத்த தடவ கவனமா இருக்கச் சொன்னாங்க."

"நல்லவேளை" என்றான் அஸ்மத். மனசாரத்தான் சொன்னான்.